சாம்பிளுக்குச் சாட்சி நின்றவள்

சபை மலரில் ஓய்வு பெற்ற பெண்கள் தங்கள் வேலை அனுபவத்தை எழுத வேண்டும் என்று பெண்கள் சங்கத்தில் முடிவானபோது நான் பின்பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டேன். டீச்சராக இருந்தவர் எழுதினார். தபால் ஆபீசில் இருந்தவர் எழுதினார். நர்ஸாக இருந்தவர் முடிக்காமல் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார். கடைசியில் போதகரின் மனைவி என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"மாமி, நீங்க மட்டும் பாக்கி. ஆஸ்பத்திரி லேபில இருந்ததுதானே? அத எழுதுங்க."

"எனக்க வேலைய எழுதினா, மலர ஆரும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போவ மாட்டாங்கம்மா."

"அப்பிடி என்ன வேலை?"

சொன்னேன். அவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். பிறகு, "எழுதுங்க. ஆனா அந்த வார்த்தையப் போடாண்டாம்" என்றார்.

அந்த வார்த்தையைப் போடாமல் எழுதுகிறேன். சாம்பிள் என்று இருக்கும் இடத்தில் நீங்கள் போட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.

நான் விளையாட்டுப் போட்டிகளில் ஊக்கமருந்துச் சோதனைக்குச் சாட்சி நின்றவள். ஓடுகிற, குதிக்கிற, பளு தூக்குகிற பிள்ளைகள் பெலம் கூடுவதற்கு மருந்து தின்கிறார்களா என்று அவர்களுடைய சாம்பிளை எடுத்துச் சோதிப்பார்கள். அந்தச் சாம்பிள் அந்தப் பிள்ளையின் உடம்பிலிருந்துதான் வந்தது என்று நேரே நின்று பார்க்க ஒரு பொம்பளை வேண்டும். அது நான்.

இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் சந்திப்பில் முன்பு அரிசிக் கடை இருந்த இடத்தில் இப்போது டின்னில் பவுடர் விற்கிறார்கள். டின்னின் மேல் படத்தில் இருக்கும் ஆளுக்குக் கழுத்து இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நம் பையன்கள் நாலைந்து பேருக்கும் கழுத்தைக் காணவில்லை. பிள்ளைகள் நன்றாக வளர்கிறார்கள் என்று தாய்மார் மகிழ்கிறார்கள்.

எங்கள் ஊர் கேரளாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது. நான் அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு வரை படித்தேன். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கச் சேர்ந்து, குப்பி கழுவி, லேபில் அட்டெண்டர் ஆனேன். ஒருநாள், போட்டி நடக்கும் இடங்களுக்கு அனுப்ப ஒரு பொம்பளை வேண்டும் என்று ஆபீசில் எங்களையெல்லாம் கூப்பிட்டார்கள். என்ன வேலை என்று சொன்னதும் எல்லாரும் தங்களுக்கு வெட்கம் என்றார்கள். எனக்குத்தான் அதிக வெட்கம். ஆனால் வெட்கத்தால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. பேசாமல் நின்றவள் சம்மதித்தவள் என்று பெயரை எழுதிக்கொண்டார்கள்.

பயிற்சி ஒரு காலையில் முடிந்தது. திரையில் இங்கிலீஷ் ஓடியது, ஒருவர் அதை மலையாளத்தில் சொன்னார், மதியம் பிரியாணி தந்தார்கள். நான் புரிந்துகொண்டது ஒன்றுதான்: பார்க்க வேண்டும்.

எனக்கு மேலே இருந்த ஆபீசரை நாங்கள் மேடம் என்றே கூப்பிடுவோம். திருவனந்தபுரத்துக்காரர். தமிழ் பேச வராது, தமிழில் திட்டினால் நன்றாகப் புரியும். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. யார் என்ன சொன்னாலும் முதலில் "செரி" என்பார். "எனக்க மவ அப்பிடிப்பட்டவ இல்ல." செரி. "எங்களுக்கு மந்திரி வரைக்கும் ஆளுண்டு." செரி. "நீ வெளங்க மாட்ட." "செரி. இவிடெ ஒரு ஒப்பு." அவ்வளவுதான். திட்டியவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போனார்கள்.

முதல் நாள் நான் கூச்சத்தில் கண்ணைச் சுவருக்குத் திருப்பிவிட்டேன். மேடம் அந்தச் சாம்பிளை அப்படியே கொட்டச் சொன்னார். "நோக்கணம் சேச்சி. நோக்கியில்லெங்கில் அது வெறும் வெள்ளமாணு." பார்க்காத சாம்பிள் வெறும் தண்ணீர்தான் என்று அர்த்தம். அந்தப் பிள்ளை மறுபடி தண்ணீர் குடித்துவிட்டு என்னை முறைத்துக்கொண்டே மாலைவரை உட்கார்ந்திருந்தது.

வேலை எப்படி என்றால், ஜெயித்த பிள்ளை இறங்கி வந்தவுடன் போய்ப் பேரைக் கேட்டு, சோதனைக்கு உன் பெயர் வந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். அப்போதிருந்து அவள் என் கண்ணை விட்டுப் போகக்கூடாது. அவள் அழுதாலும் பக்கத்தில் நிற்க வேண்டும். அம்மாவைக் கட்டிப்பிடித்தாலும் பக்கத்தில் நிற்க வேண்டும். மெடல் வாங்கும்போதும் அப்படித்தான். அதனால் இந்தப் பக்கத்துச் சாம்பியன்கள் பலருடைய வீட்டுச் சுவரில், போட்டோவின் ஓரத்தில், சேலை கட்டிய ஒரு கிழவி பயந்த முகத்தோடு நிற்பாள்.

அறையில் உறை பிரிக்காத கப்புகள் இருக்கும். அவளேதான் ஒன்றை எடுக்க வேண்டும். நான் எடுத்துக் கொடுத்தால் அந்தக் கப்பு கெட்டது. கை கழுவ வேண்டும், சோப்பு கூடாது. மேல்சட்டை நெஞ்சுவரை ஏற வேண்டும், கால்சட்டை முட்டுக்கு இறங்க வேண்டும், சட்டைக் கை முழங்கைக்கு மேலே சுருட்ட வேண்டும். அடுத்தவருடைய சாம்பிளைச் சின்னக் குழாயில் அடைத்து உடம்பில் ஒளித்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அதனால்தான் இந்தக் கட்டுப்பாடு. நான் எதிரே நிற்பேன். கண் அங்கே இருக்கும். மனது வீட்டில் மரச்சீனிக் கிழங்கு அவித்துக்கொண்டிருக்கும். அப்படித்தான் நான் அந்த வேலையில் பிழைத்தேன்.

கப்பில் ஒரு கோடு உண்டு. சாம்பிள் அதைத் தொட வேண்டும். பளு தூக்கும் பிள்ளைகள் எடையைக் குறைக்கத் தண்ணீர் குடிக்காமல் காய்ந்துபோய் வருவார்கள். கோட்டைத் தொடுவதற்குள் மைதானத்தில் பந்தலைப் பிரித்துவிடுவார்கள். தாய்மார் வீட்டிலிருந்து கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வாசலில் நிற்பார்கள். தரக்கூடாது. சீல் உடைக்காத போத்தல் தண்ணீர் மட்டும்தான். பிறகு சாம்பிளை அந்தப் பிள்ளையே இரண்டு குப்பிகளில் ஊற்றி மூடியை முறுக்க வேண்டும். டக்டக்கென்று சத்தம் வரும். அதற்குப் பிறகு டெல்லி லேபில் மூடியை உடைத்துத்தான் திறக்க முடியும். மேடம் குப்பியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, பிள்ளையிடமும் கொடுத்துப் பார்க்கச் சொல்வார். தன் சாம்பிளை அவ்வளவு மரியாதையோடு யாரும் கையில் வாங்கியிருக்க மாட்டார்கள்.

பெருங்கடவிளை போகும் வழியில் ஒரு பளு தூக்கும் அகாடமி இருந்தது. அதை நடத்தியவரை எல்லாரும் கோச் சார் என்பார்கள். திறப்பு விழாவுக்கு அந்தக் காலத்தில் அங்கிருந்த ஒரு போதகரைக் கூப்பிட்டு, அடுக்கி வைத்திருந்த பவுடர் டின்களின் மேல் கைவைத்து ஜெபிக்க வைத்தார். போதகர் ஊட்டச்சத்து என்று நினைத்து நல்ல நீளமாகவே ஜெபித்தார். அவர் மாற்றலாகிப் போய்விட்டார், ஆகவே எழுதலாம்.

கோச் சார் மருந்து என்ற சொல்லையே வாயில் எடுக்க மாட்டார். "நம்ம அகாடமியில மருந்து கிடையாது. எல்லாம் வைட்டமின்." சிவப்புக் குளிகை சின்ன வைட்டமின். வெள்ளைக் குளிகை நடு வைட்டமின். ஊசி பெரிய வைட்டமின். பிள்ளைகள் ஒவ்வொரு வைட்டமினாக வகுப்பு ஏறினார்கள்.

அங்கே படித்தவள்தான் பிரின்சி. பக்கத்துச் சபைப் பிள்ளை. அவள் தாய் லில்லிபாய் அந்தச் சபையின் பாடகர் குழுவில் இருந்தார். இரண்டு பேருக்கும் பெயரை மாற்றியிருக்கிறேன். எழுதியதை பிரின்சியிடம் படித்துக் காட்டினேன். "கோச் சாருக்க பேர மாத்தாதீங்க மாமி" என்றாள். அதனால்தான் அவருக்குப் பெயரே போடவில்லை.

பனச்சமூட்டுப் பக்கம் ஒரு மைதானத்தில் பளு தூக்கும் போட்டி நடந்தது. மேடமும் நானும் வண்டியிலிருந்து இறங்கினோம். யாரோ "வந்தாச்சு!" என்று கத்தினார்கள். நாங்கள் வாசலைத் தொடுவதற்குள் உள்ளே ஒரு பிள்ளையும் இல்லை. பளு தூக்குமுன் கையில் பூசுகிற வெள்ளைப் பொடி காற்றில் பறந்துகொண்டிருந்தது. மைக்கில் மட்டும் ஒருவர் விடாமல் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

எல்லாரும் ரோட்டைக் கடந்து தமிழ்நாட்டுக்குப் போய்விட்டார்கள்.

எங்கள் ஊர்க்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிக்க மாட்டார்கள். நாங்கள் பிறந்ததிலிருந்து செய்வது அதுதான். பெட்ரோல் விலை அங்கே குறைவு என்றால் அங்கே. கோழி விலை இங்கே குறைவு என்றால் இங்கே. குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவன் இந்தப் பக்கத்துப் போலீசைக் கண்டால் அந்தப் பக்கம் போய் நின்று பீடி பற்ற வைப்பான். அந்தப் பக்கத்துப் போலீசைக் கண்டால் இங்கே வருவான். ஒரு ஆபீசர் ரோட்டைக் கடப்பார் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

எதிரே பேக்கரியில் பிள்ளைகள் பழம்பொரி தின்றுகொண்டிருந்தார்கள். "எட்டிகளே, பெஞ்சு தாங்காது, ரெண்டு ரெண்டு பேரா இரியுங்க!" என்று கடைக்காரர் கும்பிடாத குறை. பிள்ளைகளுக்கு முன்னால் கோச் சார் கைகட்டி நின்றார்.

"மேடம், நீங்க நிக்கியது கேரளா. பிள்ளைக நிக்கியது தமிழ்நாடாக்கும். ஒங்களுக்க டெஸ்ட்டு ரோடு கடக்காது."

"செரி" என்று சொல்லிவிட்டு மேடம் ரோட்டைக் கடந்தார்.

கோச் சார் பின்னால் நகர்ந்தார். "ரெண்டு ஸ்டேட்டுக்கும் சேர்த்தா?"

"இந்தியக்கு" என்றார் மேடம்.

"ஓ" என்றார் கோச் சார். அவர் அதை யோசித்திருக்கவில்லை.

மேடத்தின் கையில் இரண்டே பெயர்கள்தான் இருந்தன. ஓடியதோ மொத்தக் கூட்டமும். வரவேற்புப் பாட்டுப் பாட வந்த ஒரு பிள்ளையும் சேர்ந்து ஓடியிருந்தது. பெயரை வாசித்ததும் ஒருத்தி அழுதுகொண்டு வந்தாள். இன்னொருத்தி மார்த்தாண்டம் பஸ்ஸில் ஏறிவிட்டாள். ஓடினாலும் பிடிபட்ட கணக்குத்தான் என்று மேடம் எழுதிக்கொண்டார். பெயர் வராத ஒருத்திக்கு முகம் வாடிவிட்டது. "எனக்க பேரு இல்லியா மேடம்? நல்லாப் பாருங்க" என்று கேட்டாள்.

"அப்பம் நான் எதுக்கு ஓடினேன்?" என்று ஒரு ஆண்குரல் கேட்டது. கடையில் வேலை செய்கிறவன் என்று திரும்பினேன். பிரின்சி. மேலுதட்டில் பூனைமுடி அடர்ந்திருந்தது. தாடையெங்கும் பரு. என்னைக் கண்டதும் பழம்பொரியைக் கீழே வைத்துவிட்டு, துணைக்கு வந்திருந்த லில்லிபாய்க்குப் பின்னால் போனாள். அவ்வளவு பெரிய தோளை அந்த ஒல்லி உடம்புக்குப் பின்னால் மறைக்க முடியவில்லை.

லில்லிபாய் என் கையைப் பிடித்தார். "மாமி, எனக்க மவளுக்குப் போலீசில ஸ்போர்ட்ஸ் கோட்டா கிடைக்கப் போவுது. ஒடம்ப நல்லா நோக்குகா. மாசாமாசம் வருகதுகூட இப்பம் வராது. நல்ல விளையாட்டுக்காரிக்கு அது வராதாம், கோச் சார் சொன்னாரு."

"டாக்டர்ட்ட காட்டினியா லில்லி?"

"நல்ல பெலமா இருக்கியவள டாக்டர்ட்ட எதுக்கு மாமி? எனக்கும் இப்பம் நல்ல பெலம் உண்டு. சபைக் கொயர்ல பாடுகதுக்கு ஆம்பிளைகளுக்க வரியில கொண்டு நிப்பாட்டியிருக்கு. அங்க ஆளு குறவு."

லில்லிபாய்க்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று நினைத்தேன். நானும் பெரிய சாட்சிக்காரிதான்.

சில மாதங்கள் கழித்து பிரின்சியை எங்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கண் மஞ்சள், நகம் மஞ்சள். இரவும் பகலும் உடம்பைச் சொறிந்து சொறிந்து கையெல்லாம் கீறல். வீட்டில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்து வைத்தியர் ஒருவர், இந்தப் பக்கத்து வைத்தியர் ஒருவர், இரண்டு மாநிலத்துக் கீழாநெல்லியும் கேட்கவில்லை.

டாக்டர் சின்ன வயதுக்காரர். மஞ்சள்காமாலைக் கிருமிகளையெல்லாம் சோதித்தார். ஒன்றும் இல்லை. எலிக்காய்ச்சலும் இல்லை. கட்டிலின் அருகில் வந்து கேட்டார்.

"ஏதோ ஒண்ணு உள்ள போய் கல்லீரலக் கெடுக்குது. என்ன மருந்து தின்னுற?"

"மருந்து ஒண்ணும் இல்ல. வைட்டமின்."

"எந்த வைட்டமின்?"

"சிவப்பு."

டாக்டர் லில்லிபாயை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். நான் சாம்பிள் தட்டோடு பக்கத்தில்தான் நின்றேன். ஒவ்வொரு நாளும் ரத்தத்தில் மஞ்சள் ஏறுகிறது. இப்படியே போனால் ரத்தம் உறையாது, உள்ளுக்குள் கசியும், அதற்குப் பிறகு எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாலும் கையை விரிப்பார்கள். என்ன உள்ளே போகிறது என்று தெரிந்தால்தான் நிறுத்த முடியும். லில்லிபாய் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "அவ வைட்டமின் அல்லாம ஒண்ணும் தின்ன மாட்டா டாக்டர்" என்றார்.

அன்று டாக்டர் பிரின்சியின் சாம்பிள் கேட்டிருந்தார். நான் கப்பை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன்.

என்னைக் கண்டதும் பிள்ளை படுக்கையிலிருந்து குதித்தது. "மாமி, நீங்க இஞ்சயும் வந்தாச்சா!"

டிரிப் குழாய் கையில் இருந்தது. ஸ்டாண்டைத் தரையில் உருட்டிக்கொண்டு போகிற பிள்ளையா அது? அப்படியே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நடந்தாள். நர்ஸ் பின்னால் ஓடினார். லில்லிபாய் கம்பளியும் பிளாஸ்க்கும் எடுத்துக்கொண்டு தயாராக நின்றார். தமிழ்நாட்டுப் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவுக்குப் போன் செய்தாயிற்று.

"எங்க போற லில்லி, இந்தப் பிள்ளைய வச்சிட்டு?"

"கப்பு குடுக்காதன்னு கோச் சார் சொல்லியிருக்காரு மாமி. நீங்க இஞ்ச நிக்கியது அவருக்குத் தெரியும். குடுத்தா டெல்லிக்குப் போவும், அங்க வைட்டமினையும் மருந்துன்னு எழுதுவாங்களாம், வேலை போவும். அடுத்த மாசம் அவளுக்குப் போலீசில பிசிக்கல் டெஸ்ட்டு உண்டு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எங்கள் பக்கத்தில் கப்பு நீட்டுகிறவர்கள் எல்லாரும் ஒரே டிப்பார்ட்மென்ட் என்று நினைத்திருக்கிறார்கள். பிள்ளை டாக்டரிடமிருந்து ஓடவில்லை, மேடத்திடமிருந்து ஓடுகிறது. மேடமோ எங்கேயோ ஒரு சைக்கிள் போட்டியில் யாருக்கோ செரி சொல்லிக்கொண்டிருப்பார்.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. ஆனால் அவள் படியிறங்கிவிட்டால் என்ன ஆகும் என்பதை டாக்டர் சொல்லிக் கேட்டவள் நான். முன்னால் போய் நின்றேன்.

"மக்கா, இந்தக் கப்பப் பாரு. ஒறை உண்டா?"

அவள் பார்த்தாள்.

"சீல் உண்டா? நம்பர் உண்டா? அங்க நான் தொட்டா கப்பு கெட்டுப்போவும். இஞ்ச நானாக்கும் கழுவிக் கவுத்தி வச்சு எடுத்துத் தருகது. மூடியப் பாரு, ஒழுங்கா மூடவே மூடாது. இத டெல்லிக்கு அனுப்பினா பாறசாலை தாண்டுகதுக்கு முன்ன ஒழுகிப் போவும். இந்த ஆஸ்பத்திரியில மாடி ஏறுகதுக்குள்ளேயே பாதி ஒழுகும்."

நர்ஸ் சிரித்துவிட்டார். பிரின்சி சிரிக்கவில்லை. ஸ்டாண்டைக் கீழே இறக்கி வைத்தாள். நன்றாக மூச்சு வாங்கியது. பளு தூக்கும் மேடையில் அதைவிட எவ்வளவோ பெரியதைத் தூக்கியவள்.

"நீங்க உள்ள வருவியளா?"

"நான் எதுக்கு? ஒனக்குக் கதவு உண்டு, தாப்பா உண்டு."

அவள் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். வெளியே வந்து கப்பைத் தந்தபோது அது கட்டன்காப்பி நிறத்தில் இருந்தது. நான் அதை வாங்கிக்கொண்டேன். என்ன தின்கிறாள் என்று டாக்டரிடம் அவள் சொல்லப்போவதில்லை என்று முகத்தில் எழுதியிருந்தது. ஆட்டோவைத் திருப்பி அனுப்பியதோடு சரி. லேபுக்கு முன்னால் பெஞ்சில் தாயும் மகளும் உட்கார்ந்தார்கள்.

லில்லிபாய் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நேரமாச்சு" என்று பையைத் திறந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார். சிவப்புக் குளிகை. பல்லால் கடித்து இரண்டாக்கி, ஒரு பாதியைப் பொட்டலத்தில் திரும்ப வைத்துவிட்டு, மறுபாதியை வாயில் போட்டு பிளாஸ்க்கைத் திறந்தார்.

"எம்மா, அது என்னது?"

"ஒனக்க வைட்டமின்தான் மக்கா. எத்தன நாளா நானும் அரை அரையா தின்னுகேன். முட்டுவலி போச்சு, படி ஏறுகதுக்கு நல்ல ஆயமும் பெலமும் உண்டு. கோச் சார் தருகது டப்பா நிறைய இருக்கில்லா, நீ இஞ்ச வந்து கிடக்கும்பம் அது வீணாப் போவாதா?"

நான் அந்த வேலையில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு வேகத்தைப் பார்த்ததில்லை. பிரின்சி ஒரு கையால் தாயின் தாடையைப் பிடித்து மறுகையின் விரலை வாய்க்குள் விட்டாள்.

"துப்பு! துப்பும்மா! தின்னாத!"

"எட்டி, விடு, மூச்சு முட்டுகு..."

"துப்புன்னு சொல்லுகேன்!"

அந்தக் குரலுக்கு லேப் கண்ணாடியே அதிர்ந்தது. டாக்டர் ஓடி வந்தார். பாதிக் குளிகை தரையில் கிடந்தது. பிரின்சி தாயின் தாடையை விடாமலே அவரைப் பார்த்து அழுதாள்.

"டாக்டர், இது வைட்டமின் இல்ல. ஸ்டீராய்டு. நானும் தின்னுகேன். ஊசியும் போடுகேன். எனக்கு வேலை போவட்டு, போனாப் போவட்டு. எனக்க அம்ம செத்துப்போவாளா? அத மட்டும் சொல்லுங்க."

டாக்டர் அந்தப் பாதிக் குளிகையைக் குனிந்து எடுத்தார். பிறகு பெஞ்சில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இத வந்த அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா வேலை போவும்."

"யார்கிட்ட சொன்னா? நோயாளி டாக்டர்கிட்ட சொன்னா, அது இந்தப் பெஞ்சு தாண்டிப் போகாது. கோச் இத உனக்குச் சொல்லலியா?"

கோச் சார் எதைத்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு அவள் எல்லாவற்றையும் சொன்னாள். எத்தனை நாளாக, எந்தக் குளிகைக்குப் பிறகு எந்த ஊசி, மாசாமாசம் வருவது எப்போது நின்றது, நெஞ்சு எப்போதெல்லாம் படபடத்தது என்று ஒன்று விடவில்லை. லில்லிபாய் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். "நான் கோச் சாருக்கு கிறிஸ்மஸ்க்குக் கேக்கு குடுத்தேனே" என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

மருந்தை நிறுத்தினார்கள். உடனே சுகமாகும் என்று நினைத்தோம். மஞ்சள் அப்படி இறங்கவில்லை. இன்னும் கொஞ்சம் ஏறிவிட்டு, பிறகுதான் சோம்பேறி மாதிரி இறங்கியது. போலீஸ் பிசிக்கல் நடந்த அன்று அவள் வார்டில் கையைச் சொறிந்துகொண்டு கிடந்தாள். இதயத்தைப் படம் எடுத்துப் பார்த்து, சுவர் கொஞ்சம் தடித்திருக்கிறது, பளு தூக்கக் கூடாது என்றார்கள். மாசாமாசம் வருவது நாளாகித் திரும்ப வந்தது. பழைய குரல் மட்டும் வராது, குரல்நாண் தடித்துவிட்டால் தடித்ததுதான் என்று டாக்டர் அவளிடமே நேராகச் சொன்னார். லில்லிபாயின் கல்லீரலில் கொஞ்சம்தான் கோளாறு, அது சரியாகிவிட்டது. தின்றது அரைதான் என்பதால் குரல்நாண் அவ்வளவு தடிக்கவில்லை, குரலும் தெளிந்துவிட்டது. பாடகர் குழுத் தலைவருக்குத்தான் வருத்தம். அவர் நல்ல ஒரு ஆண்குரலை இழந்தார்.

கோச் சார் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து பார்த்தார். "லிவருக்குண்டான வைட்டமினையும் கூட எடுத்திருந்தா இது வந்திருக்காது" என்றார். லில்லிபாய் ஆரஞ்சுப் பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து வராந்தாவில் அவர் மேல் எறிந்தார். லில்லிபாயின் உடம்பில் அந்த மருந்து மிச்சம் இருந்த நாட்கள். குறி தப்பவில்லை.

வார்டில் கிடந்தபடியே பிரின்சி அகாடமிப் பிள்ளைகளுக்குப் போன் செய்தாள். சிலர் பொறாமை என்றார்கள். சிலர் குரலைக் கேட்டு, ராங் நம்பர் சேட்டா என்று வைத்துவிட்டார்கள். ஆனால் ஒருநாள் லேப் ஜன்னலில் ஒரு பிள்ளை வந்து, "மாமி, எனக்கும் லிவர் பாக்கணும். கோச் சாருக்குத் தெரியாண்டாம்" என்றது. பிறகு இன்னொன்று வந்தது. வந்தவர்கள் எல்லாம் டாக்டரிடம் உண்மையைச் சொன்னார்கள். அகாடமியில் பளு இருந்தது, தூக்க ஆள் குறைந்தது.

நான் ஓய்வு பெறப்போகும் சமயம். ஒருநாள் காலையில் பிரின்சி வழக்கமான ரத்தச் சோதனைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வாசலில் ஒரு ஆள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்தார். காலில் ஷூ ஏறாமல் செருப்பு போட்டிருந்தார். பாதம் இரண்டும் வீங்கிப்போய், செருப்பு வார் சதைக்குள் பதிந்திருந்தது. கவுண்டரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"எக்கா, ஹார்ட்டுக்கு ஒரு டெஸ்ட்டு எழுதியிருக்கு. ரத்தமும் சாம்பிளும். கொஞ்சம் வெளிய தெரியாம..."

குரலைக் கேட்டதும் எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. பெஞ்சில் இருந்தவளுக்கும் தெரிந்துவிட்டது. கோச் சார் ஹெல்மெட்டைக் கழற்றியபிறகுதான் அவளைப் பார்த்தார். உட்காரவும் முடியாமல் போகவும் முடியாமல் நின்றார்.

நான் கையில் கப்போடு நின்றேன். அவள் ஏதாவது சொல்வாள் என்று இருந்தேன். சொல்வதற்கு அவளிடம் நிறைய இருந்தது, கேட்க வராந்தா நிறைய ஆளும் இருந்தது.

பிரின்சி ஓரமாக நகர்ந்து இடம் விட்டாள்.

"இரிங்க சார்."

அவர் உட்கார்ந்தார். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "உள்ள என்ன கேப்பாங்க மக்கா?" என்று கேட்டார்.

"எல்லாம் கேப்பாரு சார். நல்ல டாக்டராக்கும். இந்தப் பெஞ்சு தாண்டி ஒண்ணும் போவாது, பயப்படாண்டாம்" என்றாள். "வைட்டமின்னு மட்டும் சொல்லிராதீங்க."